டப்பிங்குக்கு முன்னால் பாக்கியை வாங்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய நகைச்சுவை நடிகர்கள் யூடியூப் சேனல்களில் உட்கார்ந்து சினிமாவைத் திட்டித் தீர்ப்பதைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாக எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. அவர் வந்து சேர்ந்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. வாய்ப்பு போன பிறகு வரும் வயிற்றெரிச்சல், காசு வந்த காலத்தில் சேர்த்து வைக்காததன் பலன் என்று சொல்லிவிட்டு, அதற்குச் சாட்சியாக அந்தக் கால நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவையும் கூண்டில் ஏற்றியிருக்கிறார். சினிமாக்காரர்களின் கசப்பைப் பற்றி யார் எழுதினாலும் சந்திரபாபு வந்துவிடுகிறார். திமிர், குடி, கடைசியில் கடன். பாட்டி சொல்லும் நீதிக்கதை மாதிரி ஆக்கிவிட்டார்கள் அவர் வாழ்க்கையை.

அந்தக் கதையை ஒருமுறை வரிசையாகப் பார்க்கலாம். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். சென்னைக்கு வந்து வருஷக்கணக்கில் அலைந்தார். 1952-ல், ஜெமினி முதலாளி எஸ்.எஸ். வாசனைப் பார்க்கக்கூட முடியவில்லை என்ற விரக்தியில் ஜெமினி ஸ்டூடியோவுக்குள்ளேயே தற்கொலைக்கு முயன்றார். வழக்கு நடந்தது. அப்புறம் அதே ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வேஷம் கிடைத்தது. ஆக, மார்க்கெட் போன பிறகு வந்த கசப்பு என்று அதை எப்படிச் சொல்வது? உள்ளே நுழையும்போதே அந்தக் கசப்பு நாக்கில் பட்டுவிட்டது.

அடுத்த எட்டு வருஷம் அவர் கொடி பறந்தது. 1958-ல் ‘சபாஷ் மீனா’வில் சிவாஜிக்கு ஈடாக இரட்டை வேடம். 1960-ல் கண்ணதாசன் தயாரித்த படத்தில் கதாநாயகன். அந்தப் படத்தால் தான் பட்ட பாட்டைக் கண்ணதாசனே எழுதி வைத்திருக்கிறார். படப்பிடிப்புக்கு ஆட்கள் காத்திருக்க, கதாநாயகன் வரமாட்டார். எனவே சந்திரபாபுவை ஒரு பாவமும் அறியாதவர் என்று சொல்ல நான் வரவில்லை. அடுத்தவர் பணத்தில் அவர் விளையாடியது உண்மை. பிறகு எம்.ஜி.ஆரை வைத்துச் சொந்தமாக ‘மாடி வீட்டு ஏழை’ எடுக்கத் தொடங்கினார், படம் பாதியிலேயே நின்றது. ஆசைப்பட்டுக் கட்டிய வீடு கடனில் போனது. 1966-ல் தானே இயக்கி நடித்த படமும் கைகொடுக்கவில்லை. கடைசியில், 1969-ல், எம்.ஜி.ஆரின் சொந்தப் படமான ‘அடிமைப்பெண்’ணிலேயே காமெடி வேஷம் போட்டார். 1974-ல் இறந்தபோது ஐம்பதுகூட ஆகவில்லை.

நான் கேட்பது வேறு. நடித்தால் போதும் என்று இருக்காமல் இவர்கள் ஏன் சொந்தப் படம் எடுக்கப் போகிறார்கள்? சாவித்திரியும் அப்படித்தான் கையைச் சுட்டுக்கொண்டார். பேராசை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது பேராசையாகப் படவில்லை. நடிகருக்குக் காசு ஒரே ஒரு தடவைதான் வரும். படத்தின் நெகடிவ், அதாவது மூலப்பிரதியும் உரிமையும், யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் மறு ரிலீஸ், டிவி, கேசட், இப்போது ஓடிடி என்று வந்துகொண்டே இருக்கும். இதைக் கண்ணெதிரே பார்த்த நடிகர் ஒரு நாள் அந்த நாற்காலியில் தானும் உட்கார்ந்து பார்க்க நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் நடிகன் இல்லை. கோடம்பாக்கம் பக்கம் ஒரு டப்பிங் தியேட்டரில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அங்கே வரும் குணச்சித்திர நடிகர்களும் காமெடிக்காரர்களும் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் நடிப்பைப் பற்றியது அல்ல. “தம்பி, டப்பிங்குக்கு முன்னால பாக்கிய வாங்கிடு” என்பதுதான். காரணம் எளிது. ஷூட்டிங் முடிந்த பிறகு நடிகரிடம் மிச்சம் இருக்கும் பிடி அவர் குரல் ஒன்றுதான். மைக் முன்னால் நின்று பேசிக் கொடுத்துவிட்டால் அதுவும் போயிற்று. அதனால் டப்பிங் தேதி குறித்ததும்தான் தயாரிப்பு மேனேஜருக்கும் நடிகருக்கும் உண்மையான பேரமே நடக்கும். “அண்ணே, படம் ரிலீஸ் ஆகட்டும், மொத்தமா செட்டில் பண்ணிடறோம்ணே” என்பார் மேனேஜர். ரிலீஸ் ஆகி நன்றாக ஓடினால் அவர் போனை எடுக்க மாட்டார். ஓடாவிட்டால், “புரொடியூசரே தெருவுல நிக்கிறாரு, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?” என்பார்.

பெரிய நடிகர் என்றால் டப்பிங் பேசாமல் வீட்டில் உட்கார்ந்து காரியத்தைச் சாதித்துக்கொள்வார். சின்னவர் பிடிவாதம் பிடித்தால் வேறு குரலை வைத்து முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்த படங்களுக்கு நானே பில் எழுதியிருக்கிறேன். தன் முகம் வேறொருவர் குரலில் பேசுவதைத் தியேட்டரில் போய்த்தான் அந்த மனிதர் தெரிந்துகொள்வார். சங்கத்தில் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். தென்னிந்திய நடிகர் சங்கம் 1952 முதல் இருக்கிறது, ரிலீஸ் நேரத்தில் பேசிப் பாக்கியை வாங்கிக் கொடுத்ததும் உண்டு. ஆனால் புகார் கொடுத்தவர் என்று பெயர் வாங்கினால் அடுத்த படத்துக்கு யார் கூப்பிடுவார்கள் என்ற பயம் இருக்கிறதே, அதற்குச் சங்கத்தில் மருந்து கிடையாது.

இனி நீங்கள் கிண்டல் செய்த பேட்டிகளுக்கு வருகிறேன். வடிவேலுவோடு, கவுண்டமணியோடு கூட்டமாக நின்று அடி வாங்கிய, ஒற்றை வசனம் பேசிய எத்தனையோ முகங்கள் இருக்கின்றன. காலையில் டிவியைப் போட்டால் காமெடி சேனலில் அவர்கள் ஓடுகிறார்கள். நாள் முழுக்க ஓடுகிறார்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் மீமாக வருகிறார்கள். டீக்கடையில் ஜனங்கள் அவர்களைக் கைகாட்டிச் சிரிக்கிறார்கள், கூட நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், “இன்னும் ஏன் சார் பஸ்ல போறீங்க?” என்று கேட்கிறார்கள். அந்தக் காட்சிக்கு என்றைக்கோ வாங்கிய ஒரு நாள் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்பதை அந்த நடிகர்கள் யாரிடம் போய் விளக்குவது? மறக்கப்பட்டதால் வந்த கோபம் என்று உங்கள் கட்டுரையாளர் நினைக்கிறார். யாரும் அவர்களை மறக்கவில்லை. தினமும் பார்க்கிறோம், ஆனால் அதில் ஒரு பைசா அவர்களுக்குப் போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டி பங்கை எழுதி வாங்கிவிட முடியாதபடி செய்த திருத்தம் அது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் பேசியதெல்லாம் அப்போதுதான். அதே திருத்தத்தில் நடிகருக்கும் ஒரு வரி இருக்கிறது. படத்தில் நடிக்க எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது, ஆனாலும் வணிக நோக்கில் பயன்படுத்தினால் ராயல்டிக்கு அவருக்கு உரிமை உண்டு என்கிறது 38ஏ பிரிவு. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்து எந்தத் துணை நடிகர் வீட்டுக்கும் அதன்படி ஒரு செக் வந்ததில்லை. இன்னொரு கூத்தும் அதே சட்டத்தில் உண்டு: படத்தில் போகிற போக்கில் வந்து, வழக்கப்படி டைட்டிலில் பெயரும் போடாமல் விடப்பட்டவர் பெரும்பாலான விஷயங்களுக்கு அந்தச் சட்டத்தின் பார்வையில் நடிகரே இல்லை. டைட்டிலில் பெயர் வரவில்லை என்று ஒரு பெரியவர் பேட்டியில் கண் கலங்கினார் அல்லவா, அதைத்தான் உங்கள் கட்டுரை ‘புகழ் போதை’ என்று எழுதியிருந்தது.

அமெரிக்காவில் இதற்காக 1960-லேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது நடிகர் சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன், பிற்பாடு ஜனாதிபதியானாரே அவரேதான். 1960-க்குப் பிறகு வந்த படங்கள் டிவியில் ஓடினால் நடிகருக்குப் பங்கு என்று முடிவானது. அதற்கு முந்தைய படங்களுக்குத் தனிப்பட்ட பங்கு கிடையாது, ஓய்வூதிய, மருத்துவ நிதிக்காக 22.5 லட்சம் டாலர் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். தங்கள் நல்ல காலமெல்லாம் 1960-க்கு முன்பே முடிந்துபோன பழைய நடிகர்களில் சிலருக்கு அந்த ஒப்பந்தத்தின் மேல் கோபம் தீரவே இல்லை. அங்கேயும் கசப்புதான். ஆனால் எந்தத் தேதிக்காக, எந்தத் தொகைக்காக என்று சொல்லத் தெரிந்த கசப்பு.

நம் ஊரில் இருப்பது, நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசு தரும் மாதம் 3,000 ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை, பலருக்கு மருந்துச் செலவுக்கு உதவுகிறது. ஆனால் அது உதவித்தொகை. உழைத்ததற்கு வரவேண்டிய பாக்கி வேறு.

எல்லாப் புலம்பலையும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பதில் சொல்ல உயிரோடு இல்லாத நடிகைகளின் அந்தரங்கத்தைப் பேசிக் காசு பார்க்கும் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பேட்டிகளைப் பாதியிலேயே அணைத்துவிடுவேன். ‘எங்க காலம் மாதிரி வருமா’ என்ற ராகமும் அலுப்புத்தான். இன்னொன்று, கசப்பு தோற்றவருக்கு மட்டும் உரியது என்றால் எம்.ஆர். ராதாவை எங்கே வைப்பீர்கள்? சினிமா வேண்டாம் என்று நாடகத்துக்கே திரும்பிப் போனவர், 1954-ல் ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம் படமானபோதுதான் பெரிய வேகத்தில் திரும்பி வந்தார். படங்கள் வரிசை கட்டி நின்ற காலத்திலும் சினிமாவையும் நடிகனைக் கும்பிடுகிறவர்களையும் அவர் கிண்டல் செய்வதை நிறுத்தவில்லை. அவருக்கு வயிற்றெரிச்சல் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒருவரைப் பேட்டி காண ஆள் அனுப்பினால், பழைய ஹீரோக்கள் எப்படி, எந்த நடிகை யாரோடு பேசமாட்டார் என்றெல்லாம் கேட்க வேண்டாம். எந்தப் படத்துக்கு எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததா, டைட்டிலில் பெயர் போட்டார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை அப்படியே அச்சிடுங்கள். முடிந்தால் அந்தப் படங்களின் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமும் போய் ஒரு வார்த்தை கேட்டு அதையும் பக்கத்திலேயே போடுங்கள். வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போடுவது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர் (பழைய முதலாளிகள் இன்னும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்)
சாலிகிராமம், சென்னை