பொருள்: உடல்நிலை விசாரிக்காமல் உடம்பு பிடித்துவிட்டது குறித்த புகார்

பெறுநர்:
நிர்வாகி,
உடம்புப்பிடி நிலையத் தலைமை அலுவலகம்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

ஐயா / அம்மையீர்,

தீபாவளிச் சலுகை என்று நீங்கள் 680 ரிங்கிட்டுக்கு விற்ற பேக்கேஜை என் அம்மாவுக்காக வாங்கினேன். ஜாலான் பர்மா கிளையில் முதல் தடவையே நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கிளை மேலாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்த்தேன், பலனில்லை.

அம்மாவுக்கு 67 வயது. இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். முகப்பில் இருந்த பெண் அவரிடம் கேட்டதெல்லாம் தொலைபேசி எண், அழுத்தம் மென்மையாகவா பலமாகவா, எண்ணெய் செராய் வாசனையா லாவெண்டரா, அவ்வளவுதான். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எது நடந்தாலும் நிலையம் பொறுப்பல்ல என்பதுதான் அதன் சாரம். அம்மாவுக்குத் தமிழும் மலாயும்தான் படிக்கத் தெரியும்.

மறுநாள் காலையில் அவருடைய தோள்பட்டையும் தொடையின் பின்புறமும் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தன. வலது உள்ளங்காலில் சூடான கல் வைத்த இடத்தில் கொப்புளம். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. இனிப்புநீரால் பாத நரம்பு மரத்துப்போனவர்களுக்கு அப்படித்தான் ஆகும். சூடு உறைக்காது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. கிருமி பிடித்து முற்றினால் விரலையே எடுக்கவேண்டி வரலாம்.

படங்களை அனுப்பியபோது உங்கள் மேலாளர் தந்த பதில்: "நல்லதுதான் அக்கா, உடம்புல இருந்த காத்து வெளியாகுது." காற்றாம்! தோலுக்கடியில் கசிந்த இரத்தம் அது. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவைக் கிளினிக்கில் பரிசோதித்ததில் 2.6 காட்டியது. அவருக்கு இருக்கவேண்டிய 2 முதல் 3 என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது, மருந்து கூடிப்போகவில்லை. பலமாக அழுத்தியதால் வந்த கன்றல் என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார்.

"வாடிக்கையாளர்தானே சொல்லணும்" என்றும் மேலாளர் சொன்னார். மாத்திரைக்கும் மசாஜுக்கும் சம்பந்தம் உண்டு என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தொழில் செய்பவர்களுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். பிடித்துவிட்ட பெண்ணை நான் குறை சொல்லவில்லை. சீட்டில் 'பலமாக' என்றிருந்தது, அவர் அதைச் செய்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல மணி நேரம் விமானத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்த சுற்றுப்பயணிகள் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே உங்களிடம்தான் வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது வெறும் அசதியாக இல்லாமல் ஆழ்நாளத்தில், அதாவது காலுக்குள் ஆழமாக ஓடும் இரத்தக் குழாயில், இரத்தம் கட்டியதாகவும் இருக்கலாம். அந்தக் காலைப் பிடித்துவிட்டால் இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம், உயிரே போகலாம். அவரை மருத்துவரிடம் அனுப்ப உங்கள் முகப்பில் யாருக்காவது தெரியுமா? கர்ப்பமா, காய்ச்சலா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, எலும்புத் தேய்வு உண்டா, எந்த எண்ணெயாவது ஒத்துக்கொள்ளாதா என்பதையெல்லாம் சேர்த்து விசாரித்தாலும் சில நிமிட வேலைதான்.

பேக்கேஜ் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மருத்துவச் செலவையும் ஏற்க வேண்டும். உடல்நிலை கேட்கும் படிவத்தை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் வைத்து, நிரப்பாதவரை யாரையும் படுக்க வைக்கக் கூடாது.

14 நாட்களில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் பேக்கேஜ் பணத்துக்காகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். உடல் காயத்துக்கான இழப்பீட்டை அந்த மன்றம் விசாரிக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்கு வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்கிறேன்.

ரசீது, படங்கள், மருத்துவரின் கடிதம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பேக்கேஜ் வாங்கிய வாடிக்கையாளர்,
பட்டர்வொர்த்