உன் பெயரிலும் நாலு காகிதம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இத்தாலியில், டூரினில் உங்கள் வீட்டில் இருந்துவிட்டு ஈரோட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். முட்டி வீக்கம் வடிந்துவிட்டது. அப்பா வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார், முருங்கை மரத்தை மட்டும் யாரோ சொன்னார்கள் என்று மொட்டையாக வெட்டிவிட்டார். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

எனக்கு முட்டி வீங்கிய அன்றைக்கு, பச்சைச் சிலுவை விளக்கு எரியும் அந்த மருந்துக் கடைக்கு என்னைக் கூட்டிப் போனாயே. உள்ளே போனதும் மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போன் போட்டு, போனை அப்படியே கடைக்காரப் பெண் கையில் கொடுத்தாய். அவர் அங்கிருந்து பேச, அந்தப் பெண் கேட்டுக்கொண்டு களிம்பை எடுத்து வைத்தாள். நீ பணம் கொடுத்தாய். வெளியே வந்தோம். அந்தப் பெண் முதலில் உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள், கண்ணு. மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். என் முட்டியைக் கை காட்டியிருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். கோவையில் சைட்டில் நின்று மேஸ்திரிகளை வேலை வாங்கிய பிள்ளை நீ. அங்கே வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் தங்கமான பிள்ளை. வேலையும் பார்த்துக்கொண்டு, வங்கி, மின்கட்டணம், வீட்டுக்காரர், டாக்டர் என்று எல்லாவற்றையும் அவரே இழுத்துப் போட்டுச் செய்கிறார். உனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் செய்கிறார். கெட்டவன் எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்தால் பெண்ணுக்குச் சீக்கிரம் உறைத்துவிடும். நல்லவர் செய்யும்போது வருஷங்கள் ஓடிவிடும். அதோடு, அவருக்கும் களைப்பு என்று ஒன்று உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு அவர் ஏதோ படிவத்தோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்துதான் உன்னைப் படிக்க வைத்தேன். அங்கே நான் நிறையப் பார்த்தது ஒன்று உண்டு. புருஷனோ அண்ணனோ விரலால் இடத்தைக் காட்டுவார்கள், அந்தப் பெண் கையெழுத்துப் போடுவாள். எம்.ஏ. படித்தவளும் அப்படித்தான் போட்டாள். எது விற்கிறது, எது யார் பேருக்குப் போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. என் மகள் எந்த நாட்டிலும் அப்படிக் கையெழுத்துப் போடக்கூடாது. இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பெண் தன் பெயரிலேயே நிற்பதற்கு அந்த ஊர் தோதான ஊர் என்பதைக் கவனித்தாயா? வரி அட்டையில் கோதிச்சே ஃபிஸ்காலே என்று 16 எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கிறதே, அதை நீ எனக்குப் பிரித்துச் சொன்னாய். முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று உன் பெயரிலிருந்து. பிறகு பிறந்த வருஷம், மாசத்துக்கு ஓர் எழுத்து, தேதி. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இசட் 222. பெண்ணாக இருந்தால் தேதியோடு 40 கூட்டிக்கொள்வார்களாம். 12-ஆம் தேதி பிறந்த உனக்கு 52. கல்யாணம் ஆனாலும் அலுவலகக் காகிதங்களில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் என்றாயே, அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. போலீஸ் அலுவலகத்தில் கைரேகை வைக்கப் போன அன்று அப்பா பெயரைத்தான் சத்தமாகக் கூப்பிட்டார்கள். நீ கவனிக்கவில்லை, நான் இடித்ததும் எழுந்தாய். அப்பாவிடம் சொன்னேன். அன்று முழுக்க மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது பாஸ்போர்ட்டில் பெயரை மாற்று என்றால் காதில் போட்டுக்கொள்ளாதே. மாற்றினால் அங்கே எல்லாக் காகிதமும் குழம்பும்.

அடுத்தது வேலை. குடும்பக் காரணத்துக்காக உனக்குக் கொடுக்கும் தங்கும் அனுமதியிலேயே வேலை பார்க்கும் உரிமை இருக்கிறது. அமெரிக்கா போன பெரியப்பா மகள், புருஷனைச் சார்ந்து கிடைத்த ஹெச்-4 விசாவில் வேலைக்குப் போக வழியில்லாமல் எவ்வளவு தவித்தாள் என்று உனக்கே தெரியும். உனக்கு அந்தப் பூட்டு இல்லை. "மொழி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நீ சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மொழியும் வேலைத் தேடலும் கூடவே நடக்கட்டும். பட்டத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்று சான்று தரும் சிமேயாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்றாய். மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று எல்லாம் அலமாரியில் நீ வைத்த மாதிரியே இருக்கிறது. எதற்கெல்லாம் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அரசாங்க முத்திரை, வேண்டும் என்று எழுது. சென்னைக்குப் போய் வேலையை முடிக்க நானாச்சு.

மொழி வகுப்புக்கு அரசாங்கமே வயது வந்தோருக்கு சிபியா என்று பள்ளி நடத்துகிறதே, அதில் சேர்ந்துவிடு. போனில் மொழி கற்கும் ஆப்பில் அந்தப் பச்சைப் பறவையைத் தட்டிக்கொண்டிருப்பது போதாது. ஐந்து வருஷம் கழித்து நீண்டகால அனுமதி கேட்கும்போது ஏ2 என்ற தொடக்க நிலை அளவுக்கு இத்தாலி மொழி தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை பாஸானது உன் கணக்கில் வராது. வகுப்பில் உனக்கென்று நாலு பேர் பழக்கமாவார்கள், அது எனக்கு அந்தச் சான்றிதழைவிட முக்கியம். இப்போது உனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே மாப்பிள்ளை ஆபீஸ்காரர்களின் வீட்டுப் பெண்கள்தான்.

வீட்டு ஒப்பந்தத்தை நீ மேஜையில் விட்டுப் போன அன்று எடுத்துப் பார்த்தேன். மொழி புரியாவிட்டாலும் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாதா! நாலு வருஷம், மேலும் நாலு வருஷம் என்று போட்ட ஒப்பந்தம். நம் ஊரில் பதிவுக்குப் பயந்து 11 மாதத்துக்கு எழுதுகிறோம். அங்கே 30 நாளைத் தாண்டினாலே வரி அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னார். ஒரு நாடு இதை இவ்வளவு கண்டிப்பாகச் செய்கிறதே என்று எனக்கு மரியாதை வந்தது. (முத்திரைத் தலையை சிகரெட் கடையில் விற்கிறார்கள் என்பதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. 16 யூரோ தலை ஒன்றை அந்தக் கடையில் வாங்கிய கதையை நம் அலுவலகப் பழைய ஆட்களிடம் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.) ஆனால் அந்த ஒப்பந்தத்தில் உன் பெயர் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டு உன் பெயரையும் சேர்க்கச் சொல். வங்கிக் கணக்கும் உன் பெயரில் தனியாக ஒன்று வேண்டும், அதில் இருப்பது ஐம்பது யூரோ ஆனாலும் சரி. இரண்டு பேர் பெயரிலும் பொதுவாக ஒன்று இருப்பது அதற்கு மேல்.

ஸ்கூட்டியில் பவானி வரை போய்வந்த பிள்ளை, அங்கே ஓட்டுவதைப் பற்றியே பேசவில்லை. நம் லைசென்ஸை அவர்கள் மாற்றித் தர மாட்டார்கள், குடியிருப்புப் பதிவு செய்து ஒரு வருஷம் ஆனால் செல்லாது. புதிதாகத்தான் எடுக்க வேண்டும். 30 கேள்வி, 20 நிமிடம், மூன்று தவறுக்கு மேல் போகக்கூடாது, அதுவும் இத்தாலி மொழியில். கஷ்டம்தான். உனக்கு முடியாத கஷ்டம் இல்லை. அவசரத்துக்கு அல்ல. சும்மா ஒரு நாள் நீயே காரை எடுத்துக்கொண்டு அந்தப் பனிமலைப் பக்கம் போய்வரலாம் என்பதற்காக.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போர்த்தா பலாஸ்ஸோ சந்தையில் மொராக்கோக்காரர் கடையில் கொத்தமல்லிக் கட்டும் வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் பார்த்த பிறகு அந்தக் கவலை போய்விட்டது. அங்கே மட்டும் நீ விலை கேட்டாய், அதிகம் என்று முகம் சுளித்தாய், அவரும் சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி மிளகாய் சேர்த்துப் போட்டார். அதே வாய்தானே மருந்துக் கடைக்கும்?

குளிர்காலம் வருவதற்குள் வகுப்பில் பெயர் கொடுத்துவிடு. பதிந்ததும் ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பழைய பழக்கம், பார்த்தால்தான் தூக்கம் வரும். மாப்பிள்ளைக்குப் பிடித்த பருப்புப் பொடியும் உனக்குப் புளிக்காய்ச்சலும் தயார். இங்கிருந்து யாராவது மிலான் பக்கம் வருகிறார்களா என்று கேட்டிருக்கிறேன். சிமேயாவுக்கு எந்தெந்தச் சான்று வேண்டும் என்ற பட்டியலை இந்த வாரமே அனுப்பு, மாப்பிள்ளை அல்ல, நீ எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா