எந்த ஆண்டு? கவுண்டி சூப்பர்வைசர்கள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சூப்பர்வைசர்களுக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும் என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். பட்ஜெட் அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில், எந்த மொழிக்கும் மொழிபெயர்ப்பு உதவி உண்டு என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அது நிஜமா என்றும் இந்தச் சாக்கில் பார்த்துவிடலாம். தவிர, பொதுக் கூட்டத்தில் எனக்குக் கிடைப்பது 2 நிமிடம். பெயர் சொல்லி, தொகுதி சொல்லி, தொண்டையைச் சரிசெய்வதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்துவிடுகிறது.

இந்தக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போல) வரியையும் செலவையும் தீர்மானிப்பவர்கள் நீங்கள். நான் கேட்க வந்தது ஒன்றுதான். எங்கள் தொடக்கப் பள்ளியின் கூடுதல் கட்டடம் எந்த ஆண்டு வரும்?

போன வாரக் கூட்டத்தில் அதை மூன்றாவது முறையாகத் தள்ளி வைத்தீர்கள். அதே கூட்டத்தில், இந்த ஆண்டும் சொத்து வரி விகிதத்தை ஏற்றவில்லை என்று சொல்லிக்கொண்டீர்கள். கைதட்டலும் கிடைத்தது. கவுண்டி போட்ட கணக்கில் என் வீட்டின் மதிப்பு போன ஆண்டு 6 லட்சத்து 40 ஆயிரம் டாலர், இந்த ஆண்டு 6 லட்சத்து 88 ஆயிரம். விகிதம் அதேதான். ஆனால் நான் கட்ட வேண்டிய வரி 500 டாலருக்கு மேல் ஏறிவிட்டது, வங்கிக்காரர் எஸ்க்ரோவையும், அதாவது வரிக்காக மாதாமாதம் பிடித்து வைக்கும் பணத்தையும், ஏற்றிவிட்டார். மறுமதிப்பீட்டால் வரவு 1 சதவீதத்துக்கு மேல் கூடினால், விகிதம் மாறாவிட்டாலும் அதை வரி உயர்வு என்று ஊருக்கு அறிவித்துக் கூட்டம் போட வேண்டும் என்பது வர்ஜீனியா சட்டம். நீங்களும் அறிவித்தீர்கள், பொடி எழுத்தில். மேடையில் மட்டும் அது உயர்வு இல்லை.

வரியைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. பள்ளிக்காகத்தான் இந்த ஊருக்கு வீடு மாறி வந்தோம், பள்ளி கட்டக் கவுண்டி கடன் பத்திரம் வெளியிடலாமா என்ற கேள்வி வாக்குச் சீட்டில் வந்த இரண்டு முறையும் ‘ஆம்’ என்றுதான் போட்டேன். வாங்கிய பணத்துக்குக் கட்டடம் எங்கே என்பதுதான் என் கேள்வி.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டாம் வகுப்பும் ட்ரெய்லரில், அதாவது பள்ளி வளாகத்தில் கொண்டுவந்து வைத்த தற்காலிகப் பெட்டி வகுப்பறையில், இதுவும் ட்ரெய்லரில். உங்கள் ஆவணங்களில் அதற்குக் கௌரவமான வேறு பெயர்கள் இருக்கின்றன, பிள்ளைகள் ட்ரெய்லர் என்றுதான் சொல்கிறார்கள். அதில் கழிப்பறை கிடையாது. போக வேண்டுமென்றால் டீச்சரிடம் கேட்டு, துணைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, மரப்படி இறங்கி, கூடைப்பந்துத் திடலைத் தாண்டி முதன்மைக் கட்டடத்துக்குப் போக வேண்டும். பாதுகாப்புக்காக அந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். மணியை அழுத்திவிட்டு, ஆபீசில் யாராவது கேமராவில் பார்த்துத் திறக்கும்வரை நிற்க வேண்டும். மழையானாலும் பனியானாலும் இதே கதைதான். அவளுடைய டீச்சர் சொந்தக் காசில் நான்கு சின்னக் குடைகள் வாங்கி வாசலில் வைத்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தது மட்டும்தான் தெரியும். பிடிவாதம் என்று நினைத்துத் திட்டினேன். ஜனவரியில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாளா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். குடித்தால் போக வேண்டியிருக்கும் அம்மா என்றாள்.

நான் படித்த அரசுப் பள்ளியில் மதுரைப் பக்கம் நாங்களும் இதையேதான் செய்தோம். கழிப்பறை இருந்த லட்சணத்துக்கு, பெண் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை வாயை நனைப்பதோடு சரி. அது 1990-களில், ஓட்டுக் கட்டடத்தில். அந்தப் பழக்கத்தை என் மகள் அமெரிக்காவின் வசதியான கவுண்டி ஒன்றில் கற்றுக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும். பள்ளி நிர்வாகம் எங்கள் பொறுப்பல்ல, பள்ளிக் குழுவிடம் போங்கள் என்பீர்கள். போனேன். வர்ஜீனியாவில் பள்ளிக் குழுவுக்குச் சொந்தமாக வரி போடும் அதிகாரம் இல்லை, நீங்கள் ஒதுக்குவதுதான் பணம் என்று அவர்கள் உங்களைக் கை காட்டினார்கள். அடுத்து ரிச்மண்டில் இருக்கும் மாநில அரசைக் கை காட்டுவீர்கள். அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இந்த மாநிலத்தில் ஒரு மாணவருக்குப் பள்ளிகளுக்குக் கிடைக்கும் பணம் நாட்டின் சராசரியைவிட 14 சதவீதம் குறைவு என்று சட்டமன்றத்தின் ஆய்வுக் குழுவே 2023-ல் சொன்னது. மாநிலப் பங்கைக் கணக்கிடும் சூத்திரத்தில் பாதி எடை சொத்து மதிப்புக்கு. என் வீட்டின் விலை காகிதத்தில் ஏறினால் நாம் பணக்காரர்கள் ஆகிவிடுகிறோம், ரிச்மண்ட் தன் கையைச் சுருக்கிக்கொள்கிறது. அதே காகிதத்தைக் காட்டித்தான் நீங்களும் என்னிடம் வாங்குகிறீர்கள். ஒரே வீடு, இரண்டு பக்கமும் அடி.

பக்கத்து லவுடன் கவுண்டியில் டேட்டா சென்டர்களின் கணினிகள் மீதான வரி கொட்டுகிறது, 2025-ல் வீட்டு வரியை 100 டாலர் மதிப்புக்கு 80.5 சென்ட்டாகக் குறைத்தார்கள். அந்த இரைச்சலும் மின்கம்பிகளும் நமக்கு வேண்டுமா என்பது தனி வழக்கு. கணினிகளுக்கு ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் மளமளவென்று எழும்பிவிடுகின்றன, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு அறை கட்டத்தான் தேதி கிடைப்பதில்லை. ஒருவேளை என் மகளும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டு கணினிகளை அடுக்கும் ஒரு ரேக்கில் உட்கார்ந்திருந்தால் உடனே குளிர்சாதன அறை கிடைத்திருக்குமோ என்னவோ.

சரி, எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நீங்கள் முதலில் விளம்பரம் செய்த வரி விகிதத்தைப் பிறகு குறைக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மறுபடி விளம்பரம் செய்தாக வேண்டும். அப்படியிருக்க, ஏற்றாத விகிதத்தையே விளம்பரம் செய்து கதவை முதலில் சாத்திவிட்டு, அப்புறம் எங்களைப் பேசக் கூப்பிடுகிறீர்கள். நாங்களும் குழந்தைகளைத் தூங்கவைக்க ஆள் தேடிவிட்டு, வரிசையில் நின்று, 2 நிமிடம் பேசிவிட்டு வருகிறோம்.

ஜூலை 1-ல் புது நிதியாண்டு தொடங்குகிறது. அதற்கு முன், எந்தக் கட்டடம் எப்போது என்று சொல்லும் மூலதனத் திட்டப் பட்டியலைத் திறந்து, எங்கள் பள்ளிக்கு நேரே ‘பிற்பாடு’ என்று இருக்கும் கட்டத்தில் ஓர் ஆண்டை எழுதுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தொலைவான ஆண்டாக இருந்தாலும் சரி, மறுபடி நகராத ஆண்டாக இருக்கட்டும். என் மகள் அதற்குள் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள், தெரியும். இப்போது மழலையர் வகுப்பில் இருப்பவர்களுக்காகக் கேட்கிறேன்.

கட்டடம் வரும்வரை, அந்த ட்ரெய்லர்களின் பக்கம் கழிப்பறை வசதி உள்ள ஒரு தொகுப்பையாவது கொண்டுவந்து வைக்க முடியுமா? முடியாது என்றால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்த கூட்டத்திலும் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். எந்த ஆண்டு என்று மட்டும்தான் கேட்பேன். மீதி நேரத்தை நீங்கள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தவணை தவறாமல் வரி கட்டும்
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்