வீட்டு வைஃபைக்கு இரண்டு பாஸ்வேர்டு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் தேர்வு அட்டவணையும் இல்லை, கட்டண நினைவூட்டலும் இல்லை. உங்கள் வீட்டில் வைஃபை தரும் ரூட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் மதிப்பெண் பக்கமும் உங்கள் வங்கிக் கணக்கும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போய் வருகின்றன. இடைவேளையில் ஒரு மாணவன் இன்னொருவனுக்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டைச் சொல்வது அடிக்கடி என் காதில் விழுகிறது. பெரும்பாலும் அது அப்பாவின் கைபேசி எண். இல்லாவிட்டால் தங்கையின் பெயரும் பிறந்த வருடமும்.

அந்த எண் ஏன் போதாது? பல வீடுகளில் இருப்பது டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை. அதில் ஒரு கைபேசி வைஃபையில் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை, பக்கத்தில் இருக்கும் யாரும் காற்றிலிருந்தே பிடித்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம் தன் கணினியில் சாவகாசமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்கு இது தெரியவே தெரியாது. வெறும் எண்களாக இருந்தால் சீக்கிரமே சிக்கிவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதினால் லேசில் சிக்காது. 63 எழுத்து வரை இடம் இருக்கிறது, தாராளமாக எழுதுங்கள். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இப்படி எடுத்துப்போய் ஊகிக்கும் வழியையே அடைத்துவிட்டது. உங்கள் ரூட்டரில் அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இது முதல் பாஸ்வேர்டு. இரண்டாவது ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ரூட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். பிரவுசரில் அதைத் தட்டினால் ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். அதற்குத் தனி பாஸ்வேர்டு உண்டு. பழைய ரூட்டர்கள் பலவற்றில் அது வெறும் ‘அட்மின்’தான். உங்கள் வைஃபையில் இணைந்த எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். உள்ளே நுழைந்துவிட்டால் முகவரிகளைத் தேடித்தரும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிடுவார். அப்புறம் நீங்கள் சரியான முகவரியைத் தட்டினாலும் வேறு இடத்துக்குப் போக நேரிடலாம்.

2016-இல் மிராய் என்ற நிரல் இணையத்தையே உலுக்கியது. தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் அது தேடித்தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. மிராயை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். தொடக்கம் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்கு இடையிலான போட்டி. நம் பிள்ளைகள் விளையாடும் அதே மைன்கிராஃப்ட்தான். ஆசிரியர் என்ற முறையில் இது என்னை யோசிக்க வைக்கிறது.

அமைப்புப் பக்கத்தைத் திறந்த கையோடு இன்னும் சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். டபிள்யூபிஎஸ் என்றிருப்பதை, அதாவது பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவிகளை இணைக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதி வேண்டாம். மென்பொருள் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதால் பெரிய பலன் இல்லை, அதில் நேரம் செலவிட வேண்டாம்.

சரி, நண்பன் வீட்டுக்கு வந்து பாஸ்வேர்டு கேட்டால்? கொடுக்காதே என்று பிள்ளையிடம் சொன்னால் எடுபடாது. அவர்களுக்குள் அது மரியாதைப் பிரச்சினை. அதற்காகத்தான் பல ரூட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வேறு பாஸ்வேர்டு வையுங்கள். அதை உங்கள் பிள்ளை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லட்டும். வீட்டு டிவியையும் கேமராவையும்கூட அதிலேயே இணைக்கலாம்.

இதையெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் அவனையோ அவளையோ செய்யவிட்டு நீங்கள் பார்த்தாலே போதும். பாஸ்வேர்டை மாற்றியதும் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் இணைப்பு விட்டுப்போகும். எனவே தேர்வுக்கு முந்தைய இரவில் வேண்டாம், விடுமுறை நாளில் செய்யுங்கள். ஒன்று மட்டும்: புதிய பாஸ்வேர்டைப் பள்ளி டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்