இருவருக்கும் பொதுவான விளையாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோரும் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் மின்னணுக் கருவிகளை உருவாக்குவோர், எழுத்தைப் பெரிதாக்கினாலே போதும் என்று எண்ணுவது வருத்தமளிக்கிறது. வயது ஏற ஏற உயர் சுருதி ஒலிகளே முதலில் கேளாமல் போகின்றன என்பதால், கீச்சென ஒலிக்கும் அறிவிப்பு பேத்தியின் காதில் விழும், தாத்தாவை எட்டாது. முதுமையில் உலர்ந்துபோகும் விரல்நுனியைத் தொடுதிரை பல நேரங்களில் சரியாக உணர்வதில்லை. குறை கருவியிடம் இருக்க, தமக்குத்தான் தெரியவில்லை என்று முதியவர் ஒதுங்கிவிடுகிறார், இதுவே என்னை மிகவும் வாட்டுகிறது. 2006-இல் வெளிவந்த நின்டெண்டோ வீ என்ற வீடியோ விளையாட்டுக் கருவி, கையை வீசினாலே திரையில் பந்து உருளும்படி அமைந்ததால் முதியோர் இல்லங்களிலும் இடம்பிடித்தது. வேகத்துக்கு மட்டுமே மதிப்பெண் தராமல், ஒருவரின் நினைவாற்றலும் மற்றவரின் சுறுசுறுப்பும் சேர்ந்தால்தான் விடுபடும் புதிர்களை அமைத்து, வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இருவரையும் அருகருகே அமர்த்திச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்