அதிகாரம் யாருக்கு? ஜெபக்குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பாஸ்டர்மார்களுக்கும், உபவாச ஜெபங்களை நடத்துகிற ஊழியக்கார அண்ணன்மார், அக்காமார்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

நான் தென் மாவட்டத்துச் சபை ஒன்றின் விசுவாசி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை முடிந்தவரை தவறவிடாதவள். அசுத்த ஆவிகளின் மேல் இயேசு தந்த அதிகாரத்தை நம்புகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், "அக்காவுக்கு ஆவி அணைஞ்சு போச்சு" என்று அடுத்த வாரமே எனக்காக ஒரு விண்ணப்பச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

லூக்கா 10:19 நம் எல்லோருக்கும் மனப்பாடம். சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம் தருகிறேன் என்று ஆண்டவர் யாரிடம் சொன்னார்? பன்னிரண்டு அப்போஸ்தலர்களிடம் மட்டும் அல்ல. ஊர் ஊராக இரண்டிரண்டு பேராக அனுப்பப்பட்ட எழுபது பேர் திரும்பி வந்து நிற்கும்போது சொன்னார். அந்த எழுபது பேரில் ஒருவருடைய பெயரைக்கூட லூக்கா எழுதி வைக்கவில்லை. ஆவிகள் கீழ்ப்படிகிறதே என்று அவர்கள் குதித்ததற்கும் ஆண்டவர் அடுத்த வசனத்திலேயே கடிவாளம் போட்டார்: அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதியிருக்கிறதே, அதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று. 19-ஆம் வசனத்தை எத்தனையோ கன்வென்ஷன் பேனர்களில் பார்த்துவிட்டேன். 20-ஆம் வசனத்தைப் பேனரில் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

நம் கூட்டங்களில் இப்போது நடப்பது என்ன? ஜெபம் முடிந்ததும் வரிசை. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், வீட்டில் செய்வினை பயம், மூட்டுவலி, எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டி, "நீங்க ஒரு வார்த்தை ஜெபிச்சுக் குடுங்க பாஸ்டர்" என்கிறார்கள். இதே அம்மா விடியற்காலை எழுந்து குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அழுது ஜெபிக்கிறவர். ஆனால் தன் ஜெபம் கூரையைத் தாண்டாது, பாஸ்டர் கை வைத்தால்தான் மேலே போகும் என்று நினைக்கிறார். அவருக்கு அப்படி யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் வாயால் சொல்லவில்லை. மைக், மேடை, "அபிஷேகம் பெற்ற தேவமனிதர்" என்கிற அறிமுகம், இவையெல்லாம் சேர்ந்து சொல்லிக் கொடுத்தன. ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று பேதுரு எழுதியது அவரைப் பற்றியும்தான். அவர் பூசாரியை மாற்றிக்கொள்வதற்காக இயேசுவிடம் வரவில்லை.

கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதியை, வேலைக்காரனின் வியாதிக்காக இயேசுவிடம் வேண்டிக்கொண்ட அந்தப் படை அதிகாரியை, எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரவேண்டாம், ஒரு வார்த்தை மாத்திரம் சொல்லும் என்றவர். அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று சுவிசேஷத்தில் சரியாகப் புரிந்து பேசிய ஆள் அவர்தான், அதுவும் புறஜாதியான். தன் சேவகர்களைப் பற்றிப் பேசுமுன் அவர் சொன்னது, நானும் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்பதை. மேலே இருந்து வருவதால்தான் அவருடைய கட்டளை செல்லும். தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்று யாக்கோபு எழுதிய வரிசையும் அதுவே. நாம் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிவிட்டோம்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உற்சாகமாக ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் தொண்டை கட்டும். ஆனால் பிலிப்பியில் குறிசொல்லும் ஆவி பிடித்த பெண்ணைப் பவுல் விடுவித்தது ஒரே ஒரு வாக்கியத்தில். அதுவும் அவள் பல நாள் பின்னாலேயே வந்து கத்தின பிறகு. எபேசுவில் ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள் பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரைச் சொல்லி ஆவிக்கு ஆணையிட்டார்கள், அடிவாங்கி வஸ்திரமில்லாமல் ஓடினார்கள். சொன்ன பேரில் பிழை இல்லை. இயேசுவோடு அவர்களுக்குச் சம்பந்தம் இல்லை.

இனி, இந்த மடலை எழுத வைத்த காரியம். எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சட்டென்று கண் மேலே சொருகும், கை வெட்டி வெட்டி இழுக்கும், பல்லைக் கடிப்பாள். முடிந்ததும் ஒன்றும் நினைவிராது, அசந்து தூங்கிவிடுவாள். மேடையில் இருந்தவர் அவள் முடியைப் பிடித்துக்கொண்டு, "உன் பேர் என்ன, எங்கிருந்து வந்தே?" என்று மைக்கில் கேட்டார். இரண்டு பேர் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். கடைசியில் "விடுதலை" அறிவித்து, இனி மாத்திரை வேண்டாம், மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்றார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த அரசு ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். அந்தத் தாயைக் கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார், ஒருமுறை மாத்திரை தீர்ந்துபோன வாரத்தில் பட்ட பாட்டை.

மாற்கு 9-ஐக் காட்டுவீர்கள், தெரியும். தரையில் விழுந்து நுரைதள்ளின பிள்ளையை ஆண்டவர் குணமாக்கினார், ஆமென். ஆனால் மத்தேயு 4:24-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பிசாசுபிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் (வலிப்புக்காரர்) வேறு, திமிர்வாதக்காரர் வேறு என்று அங்கே தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஆண்டவருக்குத் தெரிந்த வித்தியாசம் நமக்குத் தேவையில்லையா? தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக்கொடுத்தார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நம் வேலூர் ஆஸ்பத்திரியே ஒரு ராத்திரி ஜெபத்தில் பிறந்ததுதான். பிரசவத்தில் மூன்று பெண்கள் செத்துப்போன அந்த இரவுக்குப் பிறகுதான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார்.

விடுதலை ஊழியத்துக்கு முன்மாதிரி வேண்டுமானால் ஜெர்மனியின் மோட்லிங்கன் என்ற சிற்றூரைப் பாருங்கள். அங்கே போதகராக இருந்தவர் யோஹான் கிறிஸ்டோஃப் புளூம்ஹார்ட். கோட்லீபின் டிட்டுஸ் என்ற பெண்ணின் பிசாசுக் கட்டு நீங்க 1842, 43 இரண்டு வருஷமும் போராடி ஜெபித்தார். தனியாக அவள் வீட்டுக்குப் போகாமல் ஊர்ப் பெரியவர்களைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனார். 1843 டிசம்பர் 28-இல் "இயேசுவே ஜெயங்கொண்டவர்" என்ற கூக்குரலோடு அது முடிந்தது. சபை மேலிடம் கேட்டதால் 1844-இல் அறிக்கை எழுதிக் கொடுத்தார், ஊரெல்லாம் பரப்புவதற்காக அல்ல. அந்தப் பெண்ணைப் பிறகு தன் குடும்பத்தோடேயே வைத்துக் கவனித்துக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் விடுதலையான ஆளின் வீட்டுக்கு அடுத்த மாதம் போகிறோம்? வீடியோவுக்கு எத்தனை வியூஸ் என்று மட்டும் பார்க்கிறோம்.

சங்கிலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா இருக்கிற ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது வேறு மதத்தார் இடம் என்று நாம் கைகழுவ முடியாது. நம் ஜெபவீடுகளிலும் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. கட்டும் அதிகாரம் என்று ஆண்டவர் சொன்னது மனுஷனைக் கட்டுவதை அல்ல.

அங்கேதான் என் முக்கியமான வருத்தம். மாம்சத்தோடும் இரத்தத்தோடும் நமக்குப் போராட்டம் இல்லை என்று எபேசியர் ஆறாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, மாம்சத்தையும் இரத்தத்தையும்தான் அடிக்கிறோம். காணிக்கைக் கணக்கைக் கேட்ட சகோதரிக்கு "யேசபேல் ஆவி", வேதத்தில் வருகிற அந்தப் பொல்லாத ராணியின் பேரில். மகளை மேலே படிக்க வைக்க நினைத்த தகப்பனுக்கு "கலக ஆவி". இன்னாரைக் கட்டிக்கொள், கர்த்தர் எனக்குச் சொன்னார் என்று ஒரு வார்த்தை, அதோடு அந்தப் பெண்ணின் வாய் அடைபட்டுப்போகும். பிசாசின் மேல் கொடுத்த அதிகாரத்தை ஆட்டுக்குட்டிகள் மேல் பிரயோகிக்க யார் அனுமதி கொடுத்தது? தேவனுடைய சுதந்தரத்தை, அதாவது அவருடைய மந்தையை, இறுமாப்பாய் ஆளவேண்டாம் என்று பேதுரு மூப்பர்களுக்கே எழுதினாரே.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒருவரை ஜெபத்துக்குக் கொண்டுவந்தால், கை வைப்பதற்கு முன்பு மாத்திரை சாப்பிடுகிறாரா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்துவதானால் எழுதிக்கொடுத்த டாக்டர் நிறுத்தட்டும். பெண்பிள்ளைகளுக்கு ஜெபிக்கும்போது தாயோ சபையின் ஒரு அக்காவோ பக்கத்தில் இருக்கட்டும், செல்போன்கள் பைக்குள் இருக்கட்டும்.

அடுத்த மாத உபவாச ஜெபத்தில் ஒரு மணி நேரம் மைக்கை அணைத்துவிடுங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, விசுவாசிகள் ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்து, இயேசுவின் நாமத்தில் தாங்களே ஜெபிக்கட்டும். எண்ணெய் பாட்டிலை நீட்டுகிற அந்த அம்மா உங்களுக்காகவும் ஜெபிக்கட்டும், நீங்கள் முழங்காலில் நில்லுங்கள். நேரம் போதாது என்றால் அறிவிப்புகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபை விசுவாசி ஒருத்தி