முழங்கால் வலி நடைக்குத் தடை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 64. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், “மூட்டு தேய்ந்துபோச்சு, அதிகம் நடக்காதீங்க” என்று சொல்லி குளுக்கோசமைன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயந்துபோன அம்மா மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் தொடை மெலிந்து வலி கூடியதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், தினமும் 10 முறை. முதல் வாரம் மூன்றாவது முறையிலேயே அம்மாவின் கை தானாகக் கைப்பிடியைத் தேடும். இப்போது 15 முறை செய்கிறார். மொட்டை மாடியில் வடகம் காயவைக்கவும் அவரே போகிறார்.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டுமல்ல. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியையும், பருமனாக இருப்பவர்களுக்கு எடைக் குறைப்பையும்தான் முதலில் வைக்கிறது. குளுக்கோசமைன் வேண்டாம் என்கிறது. எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறையும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை சிலருக்குக் கட்டாயம் தேவை, சரி. ஆனால் பயிற்சியைச் சொல்லிக்கூடப் பார்க்காமல் அங்கே அனுப்புவது நியாயமா?

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூட்டு வலிக்காரர்களுக்கு வாரம் இருமுறை கூட்டுப் பயிற்சி நடத்த சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்